திறந்து பார்க்கத்தக்க யந்திரம்

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு மலையேறிச் செல்லும் நெடுஞ்சாலையில், பீருமேட்டைக் கடந்தபின் பெரியாற்றங்கரையில் அமைந்திருப்பது வண்டிப்பெரியார் என்னும் ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்ட லயங்களில் வாழும் குடும்பங்களில் பல, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவை. வீட்டில் வழங்குவது தமிழ். அலுவலகங்களில் வழங்குவது மலையாளம். இடுக்கி மாவட்டத்தில் பீருமேடு, தேவிகுளம், உடும்பன்சோலை ஆகிய வட்டங்களிலும், பாலக்காட்டு எல்லையில் சித்தூர் வட்டத்திலும் தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்ட பள்ளிகள் நடைபெற்று வருகின்றன. கேரள அரசின் பாடநூல்களும் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்படுகின்றன.

இப்பள்ளிகளின் கணினி அறையில் இயங்குவது லினக்ஸ். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர், லினக்ஸ் அத்தகையது. உலகின் மிக வேகமான 500 கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. ஆண்டிராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதுவே. ஆகவே, கொழுந்து பறிக்கும் தாயின் கைப்பேசியிலும், மகளின் பள்ளிக் கணினியிலும், வானிலை கணிக்கும் பெருங்கணினியிலும் இருப்பது ஒரே வேரில் கிளைத்த நிரல் எனலாம். வேற்றுமை ஒன்று உண்டு. பள்ளியில் உள்ள யந்திரத்தை மட்டுமே அவள் திறந்து பார்க்க முடிகிறது.

மலையூர்களில் இவ்யந்திரங்களோடு பொழுதைக் கழிக்கும் ஒருவகை மனிதர் உண்டு. அவர் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியராக இருக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையின் மின்பணியாளராக இருக்கலாம். கல்லூரி முடித்து வேலை தேடும் இளைஞராகவும் இருக்கலாம். பழுதான பெட்டியைப் பிரிப்பது, நிரலை மாற்றிப் பார்ப்பது, ஓர் எழுத்து திரையில் ஏன் உடைந்து தோன்றுகிறது என்று யோசிப்பது, இவையே அவருக்குப் பொழுதுபோக்கு. வெளிப்பார்வைக்கு வீண்வேலை போலத் தோன்றும் இச்செயல் எத்தன்மையது, பள்ளிக்கும் மொழிக்கும் அதனால் விளைவது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கொழுந்தும் தூளும்

தேயிலைப் பிரதேசத்தில் இவ்விஷயத்தை விளக்குவது எளிது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்து தொழிற்சாலைக்குச் சென்று, வாட்டப்பட்டு, உருளைகளில் நசுங்கி, நொதித்து, உலர்ந்து, தூளாக வெளிவருகிறது. தூளிலிருந்து தேநீர் தயாரிக்கலாம். ஆனால், தூளைக் கண்டு செடி எது, கவாத்து செய்தது எவ்வாறு என்று சொல்ல இயலாது. தூளை மீண்டும் கொழுந்தாக்கவும் இயலாது.

கணினி நிரலும் இவ்வாறே இரு வடிவங்களில் இருக்கிறது. நிரலாசிரியர் எழுதுவது மனிதர் படிக்கத்தக்க மூல நிரல். அது மொழிமாற்றி என்னும் மற்றொரு நிரலின் வழியே சென்று, யந்திரத்துக்கு மட்டும் விளங்கும் எண்களாக மாறுகிறது. விலைக்கு விற்கப்படும் இயங்குதளங்களில் வாங்குவோர் கைக்கு வருவது தூள் மட்டுமே. லினக்ஸில் கொழுந்தும் சேர்ந்தே வருகிறது. செடியையே தோண்டி எடுத்துச் சென்று வேறிடத்தில் நடவும் அனுமதி உண்டு.

இவ்வனுமதி தற்செயலாக ஏற்பட்டதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், புதிதாக வந்த அச்சு யந்திரம் ஒன்றின் மூல நிரல் தமக்கு மறுக்கப்பட்டதை ஒரு பெருங்குறையாகக் கருதினார். எவரும் பயன்படுத்தவும், படித்தறியவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக 1983 செப்டம்பரில் அறிவித்தார். குனு என்பது அம்முயற்சியின் பெயர். பல கருவிகள் தயாராயின. மையப்பகுதி மட்டும் நிறைவு பெறவில்லை. 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் பயின்ற 21 வயது மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் அம்மையப்பகுதியைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாகத் தெரிவித்தார். முதலில் வெளியிடப்பட்டபோது அதில் ஏறக்குறைய 10,000 வரிகளே இருந்தன. இன்று 3 கோடிக்கும் அதிகம். அடுத்த ஆண்டே குனுவின் பொது உரிமத்தின் கீழ் அது வந்து சேர்ந்தது. இரண்டும் கூடியதே இன்று சுருக்கமாக லினக்ஸ் எனப்படுகிறது. பொழுதுபோக்கு என்ற சொல்லை ஏளனமாகக் கொள்வோர் இவ்வரலாற்றைச் சற்று நினைவில் வைக்கலாம்.

கேரளத்தில் நேர்ந்தது

பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைக் கேரள அரசு 2001ஆம் ஆண்டில் தொடங்கிற்று. தொடக்கத்தில் பாடநூல்கள் விலைக்கு விற்கப்படும் மென்பொருளையே சார்ந்திருந்தன. ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பொதுப்பள்ளியில் கற்பிப்பது முறையோ என்ற கேள்வியை ஆசிரியர் சங்கத்தினரே எழுப்பினர். அதே 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. முதலில் டெபியன் என்னும் தொகுப்பும், பின்னர் உபுண்டு என்னும் தொகுப்பும் பாடத்துக்கு ஏற்றவாறு திருத்தி அமைக்கப்பட்டன. திட்டம் 2017ஆம் ஆண்டில் கைட் என்ற அரசு நிறுவனமாக உருப்பெற்றது. அதற்கடுத்த ஆண்டு, 45,000 வகுப்பறைகளைக் கணினி வசதியுள்ளவையாக்கும் வேலை தொடங்கிற்று. லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்களும் அவ்வாண்டு ஜனவரியில் தோன்றின.

2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் பயன்படுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று 2019ஆம் ஆண்டில் கணக்குச் சொல்லப்பட்டது. செய்தித்தாள்கள் இத்தொகையைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால், இது வாங்காத உரிமங்களின் விலை. கருவூலத்தில் சேர்ந்த பணமன்று. மொத்தக் கொள்முதலில் விலை குறைந்திருக்கவும் கூடும். உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது: யந்திரத்தில் ஒரு குறை நேர்ந்தால் அதைப் பள்ளியிலிருந்தே ஆராயலாம், திருத்தத் தெரிந்தால் திருத்தவும் செய்யலாம். மின்கம்பம் சாய்ந்தால் ஆள் வர மூன்று நாள் ஆகும் மலையூருக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

பழைய பெட்டி

வண்டிப்பெரியாரைப் போன்ற இடத்தில் பழுதுபார்ப்போரின் முதல் விரோதி ஈரம். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை துணியும் உலர்வதில்லை. கணினி மட்டும் எவ்வாறு உலரும்? நீண்ட விடுமுறைக்குப்பின் பெட்டியை இயக்கினால், விசிறி சுழலும், திரை இருண்டிருக்கும். நினைவகப் பட்டையின் உலோக விளிம்பில் மெல்லிய ஆக்சைடு படிந்து மின்தொடர்பைத் தடுப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். மின்னிணைப்பை அகற்றி, பட்டையைக் கழற்றி, அதன் விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மீண்டும் பொருத்தினால் பல பெட்டிகள் உயிர்பெறுகின்றன. செலவு ஒன்றுமில்லை. கழற்றுமுன் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்வது அவசியம்.

இரண்டாவது விரோதி இடி. ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் மாலைநேரத்தில் இடியுடன் மழை பெய்வது இப்பகுதியின் இயல்பு. மின்கம்பி வழியே மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் அதிர்ச்சி வந்து கணினியைத் தாக்கும். பள்ளி விடும் வேளையில் இரு கம்பிகளையும் பிடுங்கி வைக்கும் வழக்கத்தைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு; அது வேடிக்கையானது. சில கணினிகளில் வலைத்தளங்கள் எவையும் திறவாமல், பாதுகாப்பற்ற இணைப்பு என்ற எச்சரிக்கை மட்டும் தோன்றும். இணைப்பில் குறையில்லை, அதே அறையில் மற்றொரு கணினி நன்றாக வேலை செய்கிறது. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் பத்தாண்டு பின்னால் இருக்கும். உள்ளே ஒரு நாணயம் போன்ற சி.ஆர். 2032 மின்கலம் தீர்ந்துபோனதால் கடிகாரம் நின்றுவிட்டது. வலைத்தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. இன்னும் பிறக்காத சான்றிதழைக் கணினி ஏற்க மறுக்கிறது. மின்கலத்தை மாற்றி நேரத்தைச் சரிசெய்தால் எல்லாம் சீராகும். இதைக் கண்டறிந்த மாணவன், சான்றிதழ் என்றால் என்ன என்பதை இனி மறக்கமாட்டான்.

வன்பொருள் சரியான பிறகு நிரலின் பக்கம் திரும்ப வேண்டும். லினக்ஸ் துவங்கும்போது, தான் கண்ட ஒவ்வோர் உறுப்பையும், ஏற்பட்ட ஒவ்வொரு தடங்கலையும் நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. தோட்ட அலுவலகத்தில் எடை போட்ட கொழுந்தைக் கணக்கர் வரிவரியாகப் பதிவதற்கு இது நிகர். தட்டு தேய்ந்திருக்கிறதா, வலையட்டை பதில் கூறுகிறதா, நினைவகம் போதாமல் எந்த நிரல் கொல்லப்பட்டது என்பனவெல்லாம் அதில் இருக்கும். ஆர்வலர் முதலில் கற்பதும் பிறருக்குக் கற்பிப்பதும் இப்பதிவேட்டைப் படிக்கும் வழக்கத்தையே. ஊகம் செய்து எதையாவது மாற்றிப் பார்ப்பதற்கும், சான்றைப் பார்த்தபின் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விஞ்ஞானப் பாடம் நெடுநேரம் விளக்க வேண்டியிருக்கும். இங்கே ஒரு பிற்பகலில் விளங்கிவிடுகிறது.

2 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினியில், கனமான முகப்பை நீக்கி எக்ஸ்எஃப்சிஈ போன்ற இலேசான முகப்பை அமைப்பர். சுழலும் தட்டுக்குப் பதில் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் துவங்கும் நேரம் பெரிதும் குறையும். நினைவகத்திலுள்ளதைச் சுருக்கி வைக்கும் இஸட்ராம் என்னும் ஏற்பாடு மற்றுமோர் உதவி. மழையில் இணைப்பு அறுபடும் நாட்களுக்காகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற கருவியின் மூலம் ஒரு கணினியில் இறக்கிவைத்து, மற்றக் கணினிகள் அதிலிருந்து படிக்குமாறு செய்தலும் உண்டு. தேசியக் கண்ணாடி இழை வலையால் இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டமாக இடுக்கி 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆயினும், ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, மரம் சாய்ந்து அறுபட்ட கடைசிக் கம்பிக்குப் பொறுப்பேற்காதல்லவா?

விரலும் எழுத்தும்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு முக்கியமான பிரச்சினை இனிமேல்தான் வருகிறது. யந்திரம் ஓடுகிறது, அதில் தமிழை எழுதுவது எவ்வாறு?

தமிழகத்தில் 1999ஆம் ஆண்டு நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பே அங்கு நிலைபெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். அதன் சிறப்பு, சில இடங்களில் புள்ளியைத் தானே இடுவது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி விழுகிறது. 'ங' தட்டியபின் 'க' தட்டினாலும், 'ந' தட்டியபின் 'த' தட்டினாலும் அவ்வாறே. தமிழின் இயல்பை அறிந்தவர் ஆக்கிய அமைப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால், வண்டிப்பெரியாரில் பயிலும் பிள்ளை மலையாளமும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. மலையாளத்துக்குப் பள்ளியில் கற்பிக்கப்படுவது இன்ஸ்கிரிப்ட் என்னும் மத்திய அரசின் பொது அமைப்பு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் அது ஒரே ஒழுங்கைக் கொண்டது; மலையாளத்துக் 'க' இருக்கும் விசையிலேயே தமிழ்க் 'க'வும் இருக்கிறது. தமிழ்99 அழகிய ஏற்பாடு. எனினும் இருமொழிப் பிள்ளைக்கு இன்ஸ்கிரிப்ட் ஒரே பயிற்சியில் இரு மொழியையும் தருகிறது. சென்னையில் சரியான விடை எல்லைப்புறத்திலும் சரியாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. லினக்ஸ் இவ்விரண்டையும், இன்னும் தட்டச்சுப் பொறியின் பழைய அமைப்பையும் ஒருங்கே தருவதால், ஆசிரியர் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யலாம். அன்றியும், இவ்வமைப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே கணினியில் இருக்கின்றன. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவி திறந்து படிக்கலாம். ஒரு வரியை மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்கவும் செய்யலாம்.

எழுத்தைப் பற்றி ஆர்வலர் செய்யும் ஆராய்ச்சிக்கு ஓர் உதாரணம் காட்டுவது போதும். 'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். பள்ளியின் பெயர்ப்பட்டியலில் அப்பெயரைத் தேடினால் சில சமயம் கிடைப்பதில்லை; கண்ணால் பார்த்தாலோ அங்கேயே இருக்கிறது. காரணம் யாது? கணினிக்குள் 'கௌ' என்பது 'க' என்னும் எழுத்தும், ஔகாரக் குறி என்னும் ஒற்றை எண்ணும் சேர்ந்தது. பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களோ, ஒற்றைக்கொம்பு, 'க', அதன்பின் 'ள' என்று தட்டிப் பழகியவை. அவ்வாறு எழுதினால் 'கெளரி' என்றாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யந்திரத்துக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். அந்த மாணவியின் மதிப்பெண் பட்டியலும் உதவித்தொகைப் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். தேடிக் கிடைக்காத பெயருக்கு உரியவள், அலுவலகக் கணக்கில் இல்லாதவளாகிறாள்.

இதைத் திருத்த ஒரு சிறு நிரல் எழுதுவது எளிது போலத் தோன்றும். ஒற்றைக்கொம்புக் குறியை அடுத்து 'ள' வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றுக என்பது ஒரே வரிக் கட்டளை. கட்டளை நொடியில் முடிகிறது. கௌரி கிடைக்கிறாள், மௌனமும் கௌதமனும் சரியாகின்றன. ஆனால் 'வெள்ளம்' சிதைந்துவிட்டது; 'தெளிவு' தெளிவற்றுப்போயிற்று; ஆற்றில் துள்ளும் கெளுத்தி மீனும் தப்பவில்லை. ஏனெனில், இச்சொற்களில் வரும் 'ள' மெய்யாகவே 'ள'. அவை பாழானதை எண்ணி, ஆர்வலர் சிறிது நேரம் சும்மா இருக்கிறார். இவ்வேலையில் மிகப் பயனுள்ள நேரம் இதுதான்.

பிறகு ஒரு வேறுபாடு புலப்படுகிறது. வெள்ளம், தெளிவு, கெளுத்தி ஆகியவற்றில் 'ள' எழுத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ நிற்கிறது. ஔகாரத்துக்குப் பதிலாக வந்த போலி 'ள'வை அடுத்து அவ்வாறு எதுவும் நிற்பதில்லை. ஆகவே, குறியற்ற 'ள'வை மட்டும் மாற்றுக என்று கட்டளையைத் திருத்தினால் பெரும்பாலான சொற்கள் பிழைத்துக்கொள்கின்றன. எல்லாமும் அல்ல, மெல்ல என்பதைப் பேச்சில் 'மெள' என்பாரும் உண்டு. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே தீர்க்க வேண்டும். மூலப் பட்டியலின் படி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு இவ்வேலையைத் தொடங்கியவரே புத்திசாலி. இலக்கண ஆசிரியரும் கணிதம் பயிற்றுபவரும் ஒரே மேசையில் உட்காரத்தக்க பாடம் இது. உட்கார்ந்தால் வகுப்புக்கு நல்லது.

இத்தகைய சிறு நிரல்கள் சில சமயம் பெரிய காரியம் செய்துவிடுகின்றன. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்பால் விக்கிமூலம் என்னும் பொது நூலகத்தில் பட வடிவில் ஏற்றப்பட்டன. படத்தில் உள்ள சொல்லைத் தேட இயலாது. சென்னை லினக்ஸ் ஆர்வலரும் கணியம் என்ற இணைய இதழைத் தொடங்கியவர்களில் ஒருவருமான த. சீனிவாசன், ஒவ்வொரு பக்கத்தையும் எழுத்துணரிக்கு அனுப்பிக் கிடைத்த எழுத்தை விக்கிமூலத்தில் சேர்க்கும் நிரலை எழுதி, மூல நிரலோடு வெளியிட்டார். யந்திரம் படித்ததில் பிழைகள் ஏராளம். அவற்றைத் திருத்தும் வேலை பலர் கைகளில் இன்றும் நடைபெறுகிறது. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய கணியம், லினக்ஸையும் நிரல் எழுதும் முறைகளையும் தமிழில் விளக்கும் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டு வந்துள்ளது. மலைப்பள்ளி ஆசிரியருக்கு அது கைக்கெட்டும் துணை.

சொல்லைத் தேடுதல்

கணினித் திரையில் தோன்றும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் யாரோ ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தமிழகத்திலும் வெளிநாடுகளிலும் இருந்த தமிழர் சிலர் சம்பளமின்றிக் கூடி, கேடீஈ என்னும் லினக்ஸ் முகப்பைத் தமிழாக்கத் தொடங்கினர். சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் என்னும் தொகுப்பும் இந்திய மொழிகளுக்கு இடமளித்தது. கேரளத்தில் 2002ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழு, மலையாள எழுத்துருக்களையும் கருவிகளையும் இவ்வாறே ஆக்கி வருகிறது. பக்கத்து மொழியில் நடந்துள்ள வேலையைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு எல்லைப்புறத் தமிழருக்கு மிகுதி.

கோப்பு, அடைவு, சேமி ஆகியவை நிலைபெற்றுவிட்டன. வேறு சில இன்னும் அலைகின்றன; ஒரே பொருளுக்கு ஒரு நிரலில் ஒரு சொல்லும் மற்றொன்றில் வேறு சொல்லும் இருப்பதைக் காணலாம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடும்போது அகராதி மட்டும் போதாது. 'ரத்து செய்' என்றால் பஸ் ரத்தானதும் பத்திரம் ரத்தானதும் நினைவுக்கு வரும். 'கைவிடு' என்பது சற்றுக் கடுமை. 'வேண்டாம்' என்பது பிள்ளைக்கு உடனே விளங்கும், ஆனால் பொத்தானில் எழுதப் பெரியவர்கள் தயங்குவர். இவ்விவாதத்தில் தோட்டத்துப் பிள்ளையின் கருத்து இதுவரை கேட்கப்பட்டதில்லை என்றே சொல்லலாம். கேட்கத் தடையொன்றும் இல்லை: மொழிபெயர்ப்புக் கோப்பும் எவரும் திறக்கத்தக்கதே. பாடவேளையில் இருபது சொற்களை எடுத்து, எது விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று குறித்து, மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்புவது லிட்டில் கைட்ஸ் மன்றம் செய்யத்தக்க வேலை.

வெள்ளம் வந்த ஆண்டு

2018 ஆகஸ்டு நடுவில் முல்லைப்பெரியாறு அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, வண்டிப்பெரியார் நீரில் சிக்கியது. அந்நாட்களில் கேரளம் முழுவதிலிருந்தும் உதவி கோரியோரின் இருப்பிடத்தையும் தேவையையும் திரட்ட, மாநில ஐ.டி. மிஷனும் தன்னார்வப் பொறியாளர்களும் சேர்ந்து கேரளா ரெஸ்க்யூ என்னும் வலைத்தளத்தை அமைத்தனர். அது பைத்தான் மொழியில், ஜாங்கோ என்னும் கட்டற்ற சட்டகத்தின் மேல் எழுதப்பட்டது. மூல நிரல் முதலிலிருந்தே பொதுவில் இருந்ததால், முன்பின் அறியாத ஏராளமானோர் இரவும் பகலும் குறைகளைச் சுட்டித் திருத்தங்களை அனுப்ப முடிந்தது. நிரல் பூட்டிய பெட்டியில் இருந்திருப்பின் அவர்கள் செய்யக்கூடியது அனுதாபப்படுவது மட்டுமே.

அதே சமயத்தில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த நிலப்படத்தில் சாலைகளையும் கட்டடங்களையும் வரைந்து சேர்த்தனர். களப்பணியாளர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வணிக நிலப்படங்களில் தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் பெயரின்றியே கிடக்கின்றன. திறந்த படத்தில் லயத்தின் பெயரையும், அதற்குச் செல்லும் ஜீப் பாதையையும், மழையில் மூழ்கும் பாலத்தையும் அங்கு வாழ்வோரே சேர்க்கலாம். இதற்கான கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட நிரல் கேரளப் பள்ளிப் பாடத்தில் இடம்பெற்றதே. ஆற்றங்கரை வீடுகளைப் படத்தில் குறித்து, ஆற்றின் கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று கேட்டால் நிரல் விடை தருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இயலும் இவ்வேலையின் பயன், அடுத்த ஆகஸ்டில் படகோடு செல்பவருக்கு.

இடர்ப்பாடுகள்

லினக்ஸில் குறையில்லை என்று சொல்வோரை நம்ப வேண்டியதில்லை. சில அச்சு யந்திரங்களும் வருடிகளும் அதனோடு ஒத்துழைப்பதில்லை. வாங்குமுன் விசாரிப்பது நன்று. அரசு அலுவலகங்களின் சில படிவங்கள் வேறு இயங்குதளத்தை எதிர்பார்த்தே தயாரிக்கப்பட்டிருக்கும். பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்ட தமிழ் ஆவணங்கள் யூனிகோடுக்கு மாற்றினாலன்றிக் குறிகளாகவே தோன்றும். பள்ளியில் லினக்ஸ் கற்ற பிள்ளை வேலைக்குச் செல்லும் இடத்தில் வேறொன்றைக் காண்பது சாதாரணம். அடிப்படை அறிந்தவருக்கு அம்மாற்றம் சில நாள் வேலைதான் என்றாலும், முதல் நாளில் தோன்றும் கூச்சம் மெய்யானதே. எல்லாவற்றிலும் பெரிய இடர்ப்பாடு, பழுதுபார்க்கும் அந்த ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவது. அவர் செய்தவற்றை எழுதி வைக்காமல் சென்றால், அடுத்து வருபவர் பெட்டியைத் துணிபோட்டு மூடிவிடுவார். கணினி அறையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, கண்ட குறை, செய்த மாற்றம், விளைவு ஆகிய நான்கையும் அதில் மாணவரே எழுதிவரட்டும்.

பழைய யந்திரங்களைப் பொறுத்தவரை உடனடியாகக் கவனிக்க வேண்டிய செய்தியும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திற்று. அதற்கடுத்த பதிப்பு பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே, அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படும் கணினிகள் பள்ளிகளை நாடி வரக்கூடும். 64 பிட் செயலி உள்ளவை லினக்ஸில் இன்னும் பல்லாண்டு உழைக்கும். 32 பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழையவற்றின் நிலை வேறு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அவ்வகைக் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. உபுண்டு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கைவிட்டது. டெபியன் 12க்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை கிடைக்கும். அன்பளிப்பாக வரும் பெட்டியை ஏற்குமுன், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைச் செருகி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே துவக்கிப் பார்க்கலாம். செயலி எவ்வகை, நினைவகம் எவ்வளவு, தட்டு தேய்ந்துள்ளதா என்பவற்றைப் பதிவேடு கால் மணி நேரத்தில் சொல்லிவிடும்.